எண்ணெய் போட்ட சேணம்

மெர்ட்டன் பண்ணைக்குப் போக லியோகாடியாவுக்குக் கொஞ்சமும் மனமில்லை. இழுத்துக்கொண்டு போனவள் பெட்ரா. பெட்ரா அவள் கணவன் எவரிஸ்தோவின் தங்கை. நெடுஞ்சாலைச் சூதாட்ட விடுதியின் சமையலறையில் அவளுக்கு வேலை. வாய்க்கு மட்டும் ஊர் பூராவும் வேலை.

"இன்னிக்கு மரபு நாளாம் அண்ணி. நம்ம கவியா ஜனத்துக்கு டிக்கெட் கிடையாதாம். மதியச் சாப்பாடும் போடறாங்களாம்."

"நம்ம மண்ணைப் பாக்க நமக்கே இலவசமா? பெரிய மனசுதான் போ."

"அதான் சொல்றேன். மனசு மாறிக் காசு கேக்கறதுக்குள்ள போய்ச் சாப்ட்டுட்டு வந்துடலாம், கிளம்புங்க."

லியோகாடியா முப்பது வருஷம், கவியாப் பழங்குடிக்கென்று அமெரிக்க அரசு ஒதுக்கிய ரிசர்வேஷனில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். அந்தப் பண்ணையின் வாசலைத் தினம் இரண்டு தடவை தாண்டிப் போனவள்தான். உள்ளே கால் வைத்ததில்லை. எவரிஸ்தோ இளவயதில் அங்கே மாடு மேய்த்தார். பண்ணை நொடித்துப் போய்ப் பார்வையாளர் வந்து பார்க்கிற இடமாக மாறிய பிறகும், அங்கே மிச்சமிருந்த நாலைந்து குதிரைகளுக்கு லாடம் அடிக்க வியாழக்கிழமைதோறும் போய் வந்தார். 'அவர் பிழைப்பு அங்கே, எனக்கென்ன வேலை' என்று அவள் இருந்துவிட்டாள்.

அவளுக்கு ஊரில் வேறொரு பெயரும் உண்டு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அடக்கம் முடிந்ததும் லியோகாடியாவுக்குத்தான் ஆள் வரும். செத்தவருடைய துணிமணி, செருப்பு, படுக்கை, குடித்த கோப்பை எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எரித்தால்தான் அதெல்லாம் அவரோடு போய்ச் சேரும், அவரும் போய்ச் சேருவார். ஒன்று தங்கினாலும் அதைத் தேடி அவர் இங்கேயே சுற்றுவார். கட்டிலுக்கு அடியில், பரணில், கோட்டுப் பையில் என்று ஒரு பொருள் விடாமல் துழாவி எடுக்க அவளைப் போல ஆள் கிடையாது. "லியோகாடியா நுழைஞ்ச வீட்டுல ஒரு பித்தான்கூடத் தப்பாது" என்பார்கள். எரித்த பிறகு செத்தவர் பெயரையும் யாரும் வாயில் எடுப்பதில்லை. பெயர் சொன்னால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

அதனால் அவளுடைய ஒரே மகனின் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை. இருபது வயது. கன்றுகளுக்குச் சூடு போடுகிற வேலைக்குப் போய்விட்டுத் திரும்புகையில் மலைச்சாலை வளைவில் வண்டி உருண்டது. பதினோரு வருஷம் ஆகிறது.

அவன் சாமான்களை அவளே துழாவி எடுத்தாள். வேறு யாரையும் விடவில்லை. சட்டைகள், பூட்ஸ், தொப்பி, பாடும்போது அவன் குலுக்கும் சுரைக்குடுவை, பள்ளிக்கூடத்தில் எடுத்த போட்டோ உட்பட எல்லாவற்றையும் நெருப்பில் போட்டாள். எல்லாம் இருந்தது, சேணத்தைத்தான் காணோம். மூன்று கோடை விடுமுறை உழைத்து அவன் வாங்கிய சேணம்.

"வித்துட்டான். போன மாசமே சந்தையில வித்துட்டான். உன்கிட்டச் சொல்ல பயந்தான்" என்றார் எவரிஸ்தோ.

விற்றது விற்றதுதானே, என்ன செய்ய? நம்பினாள்.

ஆனால் மகன் வர ஆரம்பித்தான். கனவில், சமையலறை வலைக்கதவுக்கு அந்தப்பக்கம் வந்து நிற்பான். உள்ளே வரமாட்டான். "அம்மா, குதிரை நிக்குது. எதைப் போட்டு ஏறிப் போறது?" என்பான். வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடுவான். அவளுக்கு இவ்வளவு தூரத்தையும் பிள்ளை நடந்தே போகிறானே என்ற ஆற்றாமை கோபமாகத்தான் வெளியே வரும். "யாருடா விக்கச் சொன்னது? அறிவிருக்கா உனக்கு? நட, நல்லா நட" என்று கத்துவாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான்.

விடிந்ததும் எவரிஸ்தோ காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து, "வந்தானா?" என்று கேட்பார். தினமும் கேட்பார். அவர் கனவுக்கு மகன் ஒரு தடவைகூட வந்ததில்லை. வந்தான் என்றால், என்ன போட்டிருந்தான், இளைத்திருக்கிறானா, என்ன சொன்னான் என்று துருவித் துருவிக் கேட்பார். வரவில்லை என்றால் எழுந்து கொட்டிலுக்குப் போய்விடுவார்.

மரபு நாளில் பண்ணை வாசலில் கொடி கட்டியிருந்தார்கள். வழிகாட்டுவதற்குக் கோர்ட்னி என்று ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், பெரிய தொப்பி, அதைவிடப் பெரிய சிரிப்பு. ஓடைக்கரைப் பாறைக்குக் கூட்டத்தை அழைத்துப் போனாள். பாறை முழுக்கக் குழி. ஓக் கொட்டை இடித்து இடித்து விழுந்த குழிகள்.

"இங்கதான் ஒரு காலத்துல பழங்குடி மக்கள் வாழ்ந்தாங்க. கண்ணை மூடிக் கற்பனை பண்ணிப் பாருங்க" என்றாள் கோர்ட்னி.

பெட்ரா கண்ணை மூடினாள். "அடடா, தெரியறாங்க அண்ணி. ஒருத்தி குண்டா இருக்கா, ஒருத்தி கடுகடுன்னு இருக்கா. ரெண்டு பேரும் எப்ப சோறு போடுவாங்கன்னு கேக்கறாங்க."

கூட வந்திருந்த ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கோர்ட்னிக்குக் காது வரை சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க, வழக்கமா சொல்றதையே சொல்லிட்டேன்" என்றாள். நல்ல பெண்தான், பாவம். லியோகாடியா அவள் தோளைத் தட்டி, "பரவால்லம்மா. நாங்க இருக்கறதே எங்களுக்குச் சில நாள் மறந்துபோகுது" என்றாள்.

சாப்பாட்டில் பீன்ஸ், வறுத்த ரொட்டி, ஓக் கொட்டைக் கூழ். அந்தக் கூழை அவர்கள் வீவிஷ் என்பார்கள். பண்ணைக்காரர்கள் அதில் சர்க்கரை போட்டிருந்தார்கள். பெட்ரா ஒரு வாய் வைத்துவிட்டு, "செத்தவங்க எந்திரிச்சு வந்து அடிப்பாங்க" என்றாள். நெடுநாளைக்குப் பிறகு லியோகாடியா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சாப்பிட்ட பிறகு லாயத்தை ஒட்டிய சேண அறைக்குப் போனார்கள். கயிறு கட்டி, அதற்கு அந்தப்பக்கம் வரிசையாக மரத்தாங்கிகளில் சேணங்கள். எல்லாம் தூசி படிந்து, வெடித்து, சாம்பல் நிறமாகிப் போனவை. ஒன்று மட்டும் கறுத்து மின்னியது. தோலுக்குப் போடும் மாட்டுக்கால் எண்ணெயின் வாசம் வாசலிலேயே அடித்தது.

லியோகாடியாவுக்கு முதலில் தெரிந்தது அந்த வாசம். வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் எவரிஸ்தோ கையில் அடிக்கிற வாசம் இதுதான். லாடம் அடிக்கிற மனுஷனுக்கு எண்ணெய் எதற்கு என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்புறம் கால் வைத்து ஏறும் அங்கவடியின் தோலில் நாய் கடித்த பல் தடம் தெரிந்தது. அவர்கள் வீட்டு நாய் சாத்தோ குட்டியாக இருந்தபோது கடித்து வைத்தது. வயிற்றுவார் வளையத்தில் சிவப்புக் கம்பளி நூல் சுற்றியிருந்தது. அவளுடைய சால்வையிலிருந்து அவள் கேட்காமல் அவன் உருவிய நூல்.

"இது நம்ம பக்கத்து ரிசர்வேஷன் பையனோடது" என்று கோர்ட்னி ஆரம்பித்துப் பெயரையும் சொன்னாள். முழுப் பெயரையும், தெளிவாக, நல்ல மனசோடு சொன்னாள்.

கூட வந்த பெண்கள் சட்டென்று தரையைப் பார்த்தார்கள். பதினோரு வருஷமாக யாரும் சொல்லாத பெயர். பெட்ரா லியோகாடியாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"யாரு சொன்னா உனக்கு இந்தப் பேரை?" என்றாள் லியோகாடியா.

"அவங்க அப்பாதான். எவரிஸ்தோ. வியாழக்கிழமை வருவார், இதுக்கு எண்ணெய் போடுவார். பக்கத்துல உக்காந்து பேர் சொல்லிக் கூப்பிட்டு என்னென்னமோ பேசுவார். எங்களுக்கு உங்க பாஷை புரியாது. ஏன், ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

லியோகாடியா கயிற்றைத் தூக்கி உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. சேணத்தின் மேல் கையை வைத்தாள். "விக்கலையா?" என்றாள். "நீ விக்கவே இல்லையாடா?"

அழுகை வரவில்லை. விற்காத சேணத்தை விற்றாய் என்று பதினோரு வருஷம் பிள்ளையைத் திட்டியிருக்கிறாள். வாசலில் வந்து நின்ற பிள்ளையை, நட என்று விரட்டியிருக்கிறாள். அவனும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தலையைக் குனிந்து நின்றிருக்கிறான், அப்பாவைக் காட்டிக் கொடுக்காமல். அவள் சேணத்தைவிட்டுக் கையை எடுக்கவில்லை. பெட்ராவும் கோர்ட்னியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

வீட்டில் எவரிஸ்தோ கொட்டிலருகே ஒரு லாடத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"கிழவா, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"உக்காரு, சொல்றேன்."

"உக்கார மாட்டேன். ஊரு பூரா போய்ப் பொறுக்கி எடுத்தேனே, ஒரு பித்தானை விட்டேனா? என் புள்ளை சாமான்லயே பெரிசா ஒண்ணை ஒளிச்சு வச்சுட்டு என்னை ஊரெல்லாம் துழாவ விட்டியே. எம்புள்ளை நடக்கறான்யா. பதினோரு வருஷமா நடக்கறான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீதானே காலைல சொல்றே." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவன் செத்த அன்னிக்கே தூக்கிட்டுப் போயிட்டேன். நீ விட மாட்டேன்னு தெரியும். எல்லாத்தையும் குடுத்துட்டா அவன் போயிடுவான். ஒண்ணு இருந்தா தேடி வருவான்ல? என்கிட்ட வரல. பரவால்ல, உன்கிட்டயாவது வரட்டும்னு இருந்தேன். நீ சொல்லுவே, நான் கேட்டுப்பேன். வேற என்ன இருக்கு எனக்கு? வீட்டுல ஒரு போட்டோ உண்டா? பேரைச் சொல்ல முடியுமா? அங்க போனா யாருக்கும் நம்ம பாஷை தெரியாது. சத்தமாவே கூப்பிடுவேன்."

லியோகாடியா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அடிக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"நாளைக்குப் போய் எடுத்துட்டு வா" என்றாள் கடைசியில். "நீ குடுத்தது. நீ கேட்டாத்தான் தருவாங்க."

"லியோ..."

"எடுத்துட்டு வா. உனக்காக இவ்வளவு நாள் நடந்துட்டான். போதும்."

அவர் எடுத்துவர எட்டு நாள் ஆனது. வண்டி சரியில்லை என்றார், பண்ணையில் பெரியவர்கள் இல்லை என்றார். ஒரு நாள் மாலை பிக்கப் வண்டியின் பின்னால் அது வந்து இறங்கியது. கோர்ட்னி ஒரு வார்த்தை மறுக்கவில்லையாம், அழுதுகொண்டே தூக்கிக் கொடுத்தாளாம்.

ஆனால் எரிக்க முடியவில்லை. தெற்குக் கலிபோர்னியாவில் கோடைக் கடைசி எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பாலைக்காற்று வீசினால் மலைப் புதரெல்லாம் நெருப்புக்குக் காத்துக் கிடக்கும். முதல் மழை விழும் வரை யாரும் வெளியே நெருப்பு மூட்டக்கூடாது. சுருட்டு பற்ற வைத்தால்கூடத் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆள் வந்துவிடும். அதனால் சேணம் வீட்டுக்குள் வந்தது. சமையலறையில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் ஏற்றி வைத்தார் எவரிஸ்தோ.

அன்றைக்கு ராத்திரி மகன் வந்தான். வலைக்கதவைத் திறந்துகொண்டு முதல் தடவையாக உள்ளே வந்தான். மேசைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"நீ விக்கலைன்னு தெரிஞ்சுடுச்சுடா. அம்மா பாவி. திட்டிட்டேன்."

அவன் சிரித்தான். "பசிக்குதும்மா" என்றான்.

காலையில் எவரிஸ்தோ கோப்பையை எடுப்பதற்கு முன்னாலேயே அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவர் கோப்பையைத் தொடாமல் கேட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். மறுநாளும் வந்தான், அதற்கடுத்த நாளும் வந்தான். அந்தச் சில வாரங்கள் அந்த வீட்டில் என்ன நடந்ததென்று வெளியே யாருக்கும் தெரியாது. லியோகாடியா அடுப்பில் வேலை செய்துகொண்டே சேணத்தோடு பேசினாள். போகிற வருகிற நேரமெல்லாம் அதைத் தொட்டாள். ஒரு மத்தியானம் எவரிஸ்தோ உள்ளே வரும்போது அவள் அதன் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு மகன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊருக்கே வழக்கம் சொல்லிக் கொடுக்கிற லியோகாடியா! அவர் பார்க்காதது போலத் திரும்பிப் போய்விட்டார். சாயங்காலம் எண்ணெய்க் குப்பியை எடுத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தேய்த்தார்கள்.

"எரிக்க வேண்டாம்டி" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். "மழை வந்தா வந்துட்டுப் போகட்டும். இருக்கட்டும் இங்கேயே. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் இல்லை என்று சொல்லவில்லை. அதை அவர் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

முதல் மழை விழுந்த ராத்திரியும் மகன் வந்தான். சாப்பிட்டான். எழுந்திருக்கும்போது அவள் அவன் காலைப் பார்த்தாள். அவள் எரித்து அனுப்பிய அதே பூட்ஸ்தான். பழுப்பு, இடதுகாலில் வேறு நிறக் கயிறு. அடித்தோல் முழுக்கத் தேய்ந்து போய் விரல்கள் வெளியே தெரிந்தன. விரல்களில் நகமில்லை. தரையில் ஈரமாகத் தடம் விழுந்தது. மழை ஈரமில்லை அது.

"வலிக்குதாடா?"

"பழகிடுச்சும்மா" என்றான்.

அவள் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்துகொண்டாள். விடியும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் எவரிஸ்தோ, "வந்தானா?" என்று கேட்டபோது, "பெட்ராவைக் கூப்பிடு. பாட்டுக்காரங்களையும் வரச் சொல்லு" என்றாள்.

அவருக்கு முகம் தொங்கிவிட்டது. "என்ன ஆச்சு? நல்லாத்தானே வந்துட்டிருந்தான்?"

"அவன் காலை நீ பாக்கல."

அவர் எழுந்து போய்ப் பெட்ராவைக் கூப்பிட்டார்.

ஈரம் காயாத அந்தச் சாயங்காலமே கொட்டிலுக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். ஓக் கட்டை அடுக்கினார்கள். சுரைக்குடுவையைக் குலுக்கிக்கொண்டு நாலு ஆண்கள் தங்கள் பரம்பரைப் பறவைப் பாட்டைப் பாடினார்கள். ஊரார் வந்திருந்தார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெட்ரா மட்டும் அண்ணன் பக்கத்தில் போய் நின்று, "நீயெல்லாம் ஒரு மனுஷன்" என்று சொல்லிவிட்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

சேணத்தை எவரிஸ்தோ தூக்கி வந்தார். வேறு யாரும் கை வைக்க விடவில்லை. குதிரை முதுகில் ஏற்றுகிற மாதிரியே, தட்டி, நேராக்கி, வயிற்றுவாரைத் தொங்கவிட்டுக் கட்டைமேல் வைத்தார். அங்கேயே மண்டியிட்டுவிட்டார், எழுந்திருக்கவில்லை.

லியோகாடியா அவர் முன்னால் வந்து நின்றாள். எத்தனையோ வீடுகளில் கேட்ட கேள்வி. "வேற ஏதாவது இருக்கா? ஒண்ணும் தங்கக்கூடாது."

அவர் சேணத்தை ஒரு தடவை தடவினார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து எண்ணெய் துடைக்கும் துணியை எடுத்தார். கறுத்து, பிசுபிசுத்து, கையளவு துணி. விரித்துக் காட்டினார். ஓரத்தில் மட்டும் நீலக் கட்டம் தெரிந்தது. மகனுடைய சட்டை. ஒரு பித்தான் இன்னும் அதில் இருந்தது.

"ஐயோ" என்றாள் லியோகாடியா. வாங்கி ஒரு தடவை மோந்து பார்த்தாள். எண்ணெய் வாசம்தான், அவன் வாசம் எதுவும் அதில் மிச்சமில்லை. கட்டைக்குத் தீ வைத்ததும் அதையும் நெருப்பில் போட்டாள். எண்ணெய் ஊறிய துணி குப்பென்று பிடித்தது. சேணம் எரிய நேரமானது. எரிந்து முடிகிறவரை இருவரும் நகரவில்லை.

மறுநாள் காலை.

"வந்தானா?"

"இல்ல."

அதற்கு மறுநாளும் கேட்டார். இல்லை என்றாள். அவள் ஏழு மணிக்கே போய்ப் படுத்துப் பார்த்தாள். மத்தியானத்தில் படுத்துப் பார்த்தாள். வலைக்கதவின் கொக்கியை எடுத்துவிட்டு, மேசையில் ஒரு கிண்ணம் வீவிஷ் வைத்துவிட்டுப் படுத்தாள். தூக்கம் வந்தது, அவன் வரவில்லை. பிள்ளைக்கு வழி திறக்க வேண்டும் என்று நின்றவள் அவள்தான். திறந்தது. அவன் போய்விட்டான். இவ்வளவு சீக்கிரம், ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக்கூடப் போகாமல் போவான் என்று அவள் நினைக்கவில்லை. நெஞ்சை இரண்டாகப் பிளந்தாலும் அப்படி வலித்திருக்காது.

பிறகு எவரிஸ்தோ கேட்பதை நிறுத்திவிட்டார். காப்பியைக் குடிப்பார், எழுந்து போவார். வியாழக்கிழமை வந்தது. அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார், சாவியைத் திருகவில்லை, ரொம்ப நேரம் அப்படியே இருந்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். சாப்பாடு குறைந்தது. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. கோபிக்கவுமில்லை, குத்திக்காட்டவுமில்லை. ஒரு வார்த்தை, 'இதுக்குத்தான்டி மறைச்சேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பனி விழ ஆரம்பித்த ஒரு காலை. அவர் காப்பியை முடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்க்கப் போனார். லியோகாடியா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ராத்திரி வந்தான்."

அது பொய். ராத்திரி முழுக்க அவள் கண் மூடவே இல்லை. நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான்.

எவரிஸ்தோ கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் முதுகையே பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்லிப் பழகாதவள் முதுகுகூடக் காட்டிக் கொடுத்துவிடும்.

"உள்ள வந்தானா?" என்று கேட்டார்.

"இல்ல. நிக்கல. குதிரை மேல இருந்தான். அந்தப்பக்கமா போய்க்கிட்டே இருந்தான்."

"இளைச்சிருந்தானா?"

"இல்ல, நல்லா இருந்தான்."

வெளியே கொட்டில் பக்கம் குதிரை ஒன்று கனைத்தது.

"சேணம்? சேணம் எப்படி இருந்துச்சு?"

லியோகாடியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் கையில் இப்போது எண்ணெய் வாசம் இல்லை.

"மின்னுச்சு கிழவா" என்றாள். "நல்லா எண்ணெய் போட்டு, அப்படி மின்னுச்சு."